அப்பாவுக்குக் கிண்டில், மகளுக்கு ரப், பேப்பருக்கு ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பரந்தன் சந்திக்குக் கிட்ட போன் திருத்துற சின்னக் கடை ஒண்டு வச்சிருக்கிறன். பேப்பருக்குக் கடிதம் எழுதுறது இதுதான் முதல்தரம், பிழை இருந்தால் திருத்திப் போடுங்கோ, நீண்டு போனால் வெட்டுங்கோ, ஆனால் கடைசியில நான் கேக்கிற விசயத்தை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.

மார்கழி தை வந்தால் என்ர கடைக்கு ஒரே கேள்விதான். ஆராவது வந்து போனை நீட்டுவினம், அதில லண்டனில இருக்கிற சித்தியோ கனடாவில இருக்கிற மாமாவோ வட்ஸ்அப்பில கதைச்சு அனுப்பின வொய்ஸ் இருக்கும், "ஆள் ஒண்டு ஊருக்கு வருது, குடுத்து விடப்போறன், கிண்டிலோ ரப்போ எது நல்லம் எண்டு அந்தக் கடைக்காரப் பொடியனிட்டக் கேட்டுச் சொல்லு." (எனக்கு நாப்பத்தாறு வயசு, இன்னும் பொடியன்தான்.) கிண்டில் எண்டது புத்தகம் வாசிக்கிறதுக்கெண்டே செய்த ஈ-ரீடர், ரப் எண்டது ரப்லெட். நான் திருப்பிக் கேக்கிற முதல் கேள்வி, ஆருக்கு? ரெண்டாவது கேள்வி, அவர் என்ன வாசிக்கிறவர்? ரெண்டாவதுக்குப் பத்தில எட்டுப்பேரிட்ட மறுமொழி இல்லை. அனுப்பிறவை தங்களுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் அனுப்பீனம், இஞ்ச இருக்கிறவை வாங்கி அலுமாரியில வைக்கினம், ஒரு வருசம் கழிச்சுப் பற்றரி வீங்கின பிறகு என்னட்டக் கொண்டு வருகினம்.

எங்கட வீட்டிலயும் அதுதான் நடந்தது, அதால மற்றவையைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிசா உரிமை இல்லை.

அப்பா முந்திப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில முகாமையாளராய் இருந்தவர். எங்கட வீடு முரசுமோட்டையில. அவரிட்ட ரெண்டு றங்குப்பெட்டி நிறையப் புத்தகம் இருந்தது, தொண்ணூறுகளில மண்ணெண்ணெய்த் தடை இருக்கேக்க ஜாம் போத்தில் விளக்கு வெளிச்சத்தில அதுகளை வாசிச்சு வாசிச்சுத்தான் தன்ர கண் கெட்டது எண்டு இப்பவும் சொல்லுவார். 2008 கடைசியில சண்டையால வெளிக்கிடேக்க அரிசி மூட்டையோட அந்தப் பெட்டி ரெண்டையும் ரக்டரில ஏத்தினம், தருமபுரம், விசுவமடு எண்டு போய் உடையார்கட்டில ஒரு வளவுக்குள்ள இறக்கி வச்சம், அங்கால கொண்டுபோக ஏலேல்ல. பிறகு மெனிக்பாம் அகதி முகாமில இருந்து வந்து, கிடைச்ச புத்தகம், பேப்பரில வாற கட்டுரை எண்டு வெட்டி ஒட்டிச் சேர்த்து வச்சார், 2018 மார்கழியில இரணைமடுக் கதவு திறந்து வெள்ளம் வந்த நேரம் அதுவும் ஊறிக் களியாப் போச்சு. மனுசன் அண்டைக்கு ஒண்டுமே கதைக்கேல்ல, ஈரக் கடதாசியைக் கொடியில காயப்போட்டுக்கொண்டு நிண்டவர்.

ரொரன்ரோவில இருக்கிற என்ர அக்கா இதெல்லாம் தெரிஞ்ச ஆள். அப்பாவுக்கு எழுபத்தைஞ்சு வருது எண்டு ஒரு ரப் அனுப்பினவ, பத்து இஞ்சி, நல்ல சாமான், விலையும் கூட. நானும் ஓம் எண்டுதான் சொன்னனான், ஏனெண்டால் ரப்பில எல்லாம் செய்யலாம், புத்தகமும் வாசிக்கலாம், அக்காவோட முகம் பாத்தும் கதைக்கலாம் எண்டு ஒரு எண்ணம். நடந்தது என்னெண்டால் அப்பா நாலு நாள் வாசிச்சார், ஐஞ்சாம் நாள் கண்ணால தண்ணி வடியுது எண்டு கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு யூரியூப்பில கூத்துப் பாக்கத் தொடங்கினார், கூத்து முடிய அது தானாய் இன்னொண்டைக் காட்டும், அது முடிய வேறொண்டு, கடைசியில ஆரோ ஒருத்தர் சக்கரை வியாதிக்குப் பாவக்காய்ச் சாறு சொல்லிக்கொண்டிருப்பார். புத்தகம் எங்க போச்சு? அதோட அரைக் கிலோவுக்குக் கிட்ட இருக்கிற சாமானைச் சாய்மனைக் கதிரையில படுத்துக்கொண்டு பிடிக்கேலாது, ரெண்டுதரம் மூக்கில விழுந்தது. வெளிய வேப்பமரத்துக்குக் கீழ கொண்டுபோய் இருந்தால் வெயிலுக்குத் தன்ர முகம்தான் அதில தெரியுது எண்டார். ஒரு மாசத்தில ரப் என்ர மகளின்ர மேசைக்குப் போயிட்டுது. அவள் ஏஎல் உயிரியல் படிக்கிறாள்.

அக்காவுக்கு அதில கொஞ்சம் மனவருத்தம்தான். அடுத்த வருசம் நான்தான் சொன்னன், அக்கா, இந்தமுறை கறுப்பு வெள்ளைக் கிண்டில் ஒண்டு எடுங்கோ, ஆறு இஞ்சி காணும். "உதில படமும் ஓடாது, கலரும் இல்லை, உதைப் போய்ப் பரிசு எண்டு எப்பிடியடா குடுக்கிறது" எண்டு கேட்டவ. ஓடாததுதான் வேணும் எண்டு சொன்னன்.

இந்த ஈ-ரீடர் ஸ்கிரீன் எப்பிடி வேலை செய்யுது எண்டு கனபேருக்குத் தெரியாது, அதால கொஞ்சம் சொல்லிவிடுறன். போன், ரப் எல்லாத்திலயும் ஸ்கிரீனுக்குள்ள இருந்தே வெளிச்சம் எங்கட கண்ணுக்கு நேர வருது. ஈ-ரீடரில அப்பிடி இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழியள், அதுக்குள்ள கறுப்புத் தூளும் வெள்ளைத் தூளும், மின்சாரம் குடுத்தால் ஒண்டு மேல வரும் மற்றது கீழ போகும், அவ்வளவுதான். மேல வந்த தூள் அங்கயே நிண்டுகொள்ளும், அதுக்குப் பிறகு கரண்ட் தேவையில்லை, பக்கம் மாத்தேக்கதான் திருப்பி வேணும். அதாலதான் வெயிலுக்குக் கொண்டுபோனால் அச்சடிச்ச கடதாசி மாதிரி இன்னும் வடிவாத் தெரியுது. அமெரிக்காவில எம்ஐடி ஆய்வுகூடத்தில இருந்து வந்த ஆக்கள் 1997ல ஈ-இங்க் எண்டு கம்பனி தொடங்கினவை, அமேசன் 2007 கார்த்திகையில முதல் கிண்டிலை விட்டது, அப்ப அது 399 டொலர். 2022ல வந்த சின்னக் கிண்டில் 158 கிராம்தான், வந்த நேரம் விலையும் அதில காவாசிக்குக் கிட்டத்தான் இருந்தது. இருட்டுக்க வாசிக்க ஓரத்தில சின்ன லைற் இருக்கு, அந்த வெளிச்சம் ஸ்கிரீனுக்கு மேலால பரவி விழுமே ஒழியக் கண்ணுக்குள்ள அடிக்காது. அப்பா நுளம்பு வலைக்குள்ள படுத்திருந்து வாசிக்கிறார், அம்மாவின்ர நித்திரையும் கெடேல்ல.

பற்றரி ஆறு கிழமை நிக்கும் எண்டு பெட்டியில போட்டிருப்பாங்கள். அது ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் வாசிக்கிற ஆளுக்குச் சொன்ன கணக்கு. அப்பா மாதிரி மூண்டு மணித்தியாலம் வாசிச்சால் ஒரு கிழமை. அதுவும் காணும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்தை நினைச்சுப் பாருங்கோ, சனம் போனைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட எங்க எல்லாம் அலைஞ்சது. அந்த நேரம் இப்பிடி ஒண்டு வீட்டில இருந்திருந்தால் என்ர கடை வாசலில இருந்து புறுபுறுத்த கிழவர் ஒராள் குறைஞ்சிருப்பார்.

சரி, இதையெல்லாம் சொன்னதால எல்லாருக்கும் ஈ-ரீடர் அனுப்புங்கோ எண்டு சொல்லுறன் எண்டு நினைக்கவேண்டாம். படிக்கிற பிள்ளைக்கு உதை அனுப்பிறது காசைக் குளத்தில போடுற வேலை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடப்புத்தகம் எல்லாத்தையும் இலவசமா பிடிஎஃப்பாய்ப் போட்டிருக்கு, கடந்தகால வினாத்தாளும் பிடிஎஃப்தான், எல்லாம் பெரிய தாள் அளவு. ஆறு இஞ்சி ஸ்கிரீனில அதைத் திறந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், பெருப்பிச்சால் கால்வாசிப் பக்கம்தான் தெரியும், அங்கால இங்கால இழுக்க இழுக்க அது ஒவ்வொருதரமும் கறுத்து வெளுத்து யோசிச்சு யோசிச்சு வரும். என்ர மகளின்ர புத்தகத்தில இதயத்தின்ர படம் இருக்கு, நாளம் நீலம், நாடி சிவப்பு, கறுப்பு வெள்ளையில ரெண்டும் ஒண்டுதான். கலர் ஈ-ரீடரும் இப்ப வந்திருக்கு, ஆனால் நிறம் பழைய கலண்டர் மாதிரி மங்கல், விலையும் ரப்புக்குக் கிட்டப் போகும். கொரோனாக் காலத்தில பிள்ளையள் சின்னப் போனில சூம் வகுப்புப் பாத்துக் கண்ணைக் கசக்கினதை மறக்கேல்ல. அதால ஓஎல், ஏஎல் பிள்ளைக்கு ரப்தான், பத்து இஞ்சிக்குக் குறையாமல். சிம் போடுற ரப் எண்டால் இஞ்ச தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிவு, அது இது எண்டு ஒரு அலைச்சல் இருக்கு, வைஃபை மட்டும் உள்ளதை எடுத்தால் அந்தப் பிரச்சினை இல்லை, வீட்டுப் போனில ஹொட்ஸ்பொட் போட்டுக் குடுக்கலாம், நீங்கள் நிப்பாட்டினால் இணையமும் நிண்டிடும். இது பெற்றோருக்கு நான் சொல்லுற இரகசியம், பிள்ளையளுக்குச் சொல்லவேண்டாம்.

நூலகம் இணையத்தளத்தைப் பற்றியும் இதில சொல்லோணும். 2005ல தொடங்கின வேலை, எங்கட ஆக்களின்ர பழைய புத்தகம், சஞ்சிகை, பேப்பர் எண்டு ஸ்கான் பண்ணி வச்சிருக்கினம், உடையார்கட்டில விட்டிட்டு வந்த புத்தகத்தில சிலதை அப்பா அதிலதான் திருப்பிக் கண்டவர். ஆனால் அது பக்கத்தைப் படம் பிடிச்ச மாதிரி, எழுத்தைப் பெருப்பிக்க ஏலாது, படத்தைத்தான் பெருப்பிக்கலாம். ஆகவே அதை வாசிக்கிறதெண்டால் மகளிட்ட ரப்பைக் கடன் கேக்கோணும். அவள் ரியூசனால வந்தாப் பிறகுதான் குடுப்பாள். மதுரைத் திட்டம், அது 1998 பொங்கலுக்குத் தொடங்கினது, பிறகு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ், இதுகளில எழுத்தாவே இருக்கிற புத்தகம் கனக்கக் கிடக்கு, காசும் இல்லை, ஈபப் எண்ட வடிவத்தில எடுத்தால் எழுத்தை எவ்வளவும் பெருப்பிக்கலாம், வரி தானாய் மடிஞ்சு அடுத்த பக்கத்துக்குப் போகும். அப்பாவுக்கு ஒரு கண்ணில வெண்புரை வெட்டி மற்றக் கண் இன்னும் மிச்சம், ஒரு பக்கத்தில எட்டு வரிதான் வாற அளவுக்கு எழுத்தைப் பெருப்பிச்சு வச்சிருக்கிறார், அதால நிமிசத்துக்கு ரெண்டு பக்கம் தட்டுறார், பாக்கிறவைக்கு மனுசன் சரியான வேகமா வாசிக்கிறார் எண்டு தோணும்.

அவருக்கு இதில ஒரு குறை இருக்கு. பக்க இலக்கம் இல்லை, கீழ நாப்பத்தேழு வீதம் எண்டு காட்டும். "புத்தகத்தில நாப்பத்தேழு வீதம் வாசிச்சன் எண்டு ஆராவது சொல்லுவானோ, நான் என்ன சங்கத்துக்குக் கணக்குக் குடுக்கிறனோ" எண்டு பேசுறார்.

வெளிநாட்டில இருந்து இதை வாசிக்கிற ஆக்களுக்கு ரெண்டு மூண்டு விசயம். நீங்கள் பாவிச்ச பழைய ஐபாட்டையோ ரப்பையோ அனுப்பிறதெண்டால் உங்கட கணக்கை அதில இருந்து வெளிய எடுத்து, முழுக்க அழிச்சிட்டு அனுப்புங்கோ. மாசத்துக்கு ஒண்டாவது பூட்டின சாமான் என்னட்ட வருது, அனுப்பின ஆளுக்குப் பாஸ்வேட் மறந்துபோச்சு, பிள்ளை அழுகுது, நான் திருடன் மாதிரி முழிக்கிறன், உண்மையில அந்தப் பூட்டு திருடனுக்காகத்தான் போட்டது, என்னால ஒண்டும் செய்யேலாது. ஈ-ரீடரின்ர ஸ்கிரீன் உடைஞ்சாலும் இஞ்ச மாத்திறதுக்குச் சாமான் கிடையாது. ஈ-ரீடர் செய்யிற கோபோ கம்பனி, அது ரொரன்ரோக் கம்பனிதான், 2024ல விட்ட மொடலுகளுக்குப் பாட்ஸும் திருத்துற விளக்கமும் குடுக்குது எண்டது எனக்குச் சந்தோசம், ஆனால் அந்தப் பாட்ஸ் பரந்தனுக்கு வரோணுமே. அதால கடின உறை ஒண்டு சேர்த்து அனுப்புங்கோ, தலாணிக்குக் கீழ வச்சுப் படுத்தால் இந்த ஸ்கிரீன் தாங்காது.

கிண்டிலோ கோபோவோ எண்டு கேட்டால், கோபோ ஈபப்பை வயரால ஏத்தினவுடன திறக்கும். கிண்டில் அப்பிடித் திறக்காது, அதின்ர ஈமெயிலுக்கு அனுப்போணும், அனுப்பினால் அது தன்ர வடிவத்துக்கு மாத்தி எடுத்துக்கொள்ளும். எங்களுக்கு உண்மையில அந்த ஈமெயில்தான் வசதியாப் போச்சு. கணக்கு அக்காவின்ர பேரில, அவ அங்க வேலையில மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு புத்தகத்தை அனுப்பிவிடுவா, இஞ்ச ராத்திரி மகள் ஹொட்ஸ்பொட் போட வந்து விழும். காசு குடுத்து வாங்கிற தமிழ்ப் புத்தகமும் 2016 மார்கழியில இருந்து அமேசனில இருக்கு, இஞ்ச அப்பாவிட்டக் கிரெடிட் கார்ட் எங்க, அதையும் அவதான் வாங்குறா. ஒருநாள் அவ தனக்கு வாங்கின உடம்பு குறைக்கிற புத்தகம் ஒண்டு இஞ்சயும் வந்திட்டுது, "கொக்கா எனக்கு ஏன் வயித்தைக் குறைக்கச் சொல்லுறா, நான் சாப்பிடுறதே ஒரு பிடி" எண்டு அப்பா ரெண்டு நாள் கோவமாய் இருந்தவர். எந்தக் கம்பனிச் சாமான் எண்டாலும் அனுப்ப முதல் தமிழ்ப் புத்தகம் ஒண்டை அதில ஏத்தித் திறந்து பாருங்கோ, கொம்பும் அரவும் விசிறியும் தங்கட தங்கட இடத்தில நிக்குதோ எண்டு. பழைய மொடல் சிலதில எல்லாம் பெட்டி பெட்டியாத்தான் வரும். விளம்பரம் இல்லாத கிண்டிலுக்கு இருபது டொலர் கூட, அதைக் குடுங்கோ, வயசு போன ஆள் திறக்கேக்க ஒவ்வொருதரமும் இங்கிலிசில ஏதோ கதைப் புத்தகம் விக்கிறதைப் பாக்கத் தேவையில்லை. முக்கியமா வெறுஞ் சாமானை அனுப்பாதேங்கோ, பத்துப் புத்தகமாவது ஏத்தி அனுப்புங்கோ, பெட்டியைத் திறந்து முதல் நாளே வாசிக்க ஒண்டும் இல்லை எண்டால் அந்த மனுசன் அதைத் திருப்பித் தொடமாட்டார்.

அமேசனைப் பற்றி இன்னொண்டு. 2009 யூலையில அவை தாங்கள் வித்த ரெண்டு புத்தகத்தை, உரிமைப் பிரச்சினை எண்டு, வாங்கின ஆக்களின்ர கிண்டிலில இருந்து தாங்களே அழிச்சவை, பிறகு பிழை எண்டு மன்னிப்பும் கேட்டவை. இதை நான் அப்பாவுக்குச் சொன்னன், வாங்கிற புத்தகம் முழுக்க எங்கட இல்லை அப்பா, இலவசமா எடுக்கிறதுகளை நான் கடைக் கொம்பியூட்டரிலயும் ஒரு கொப்பி வச்சிருக்கிறன், பயப்பிடாதேங்கோ எண்டு. மனுசன் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "எங்கட புத்தகம் அந்த வருசம் தையில போச்சு, அவையின்ர ஆடியில போயிருக்கு, அவைக்குக் காசாவது திருப்பிக் குடுத்திருப்பாங்கள்" எண்டார். குடுத்தவைதான்.

இனி நான் கேக்க வந்த விசயம். அப்பா ஐம்பது வருசத்துக்கு மேல பேப்பர் வாசிக்கிற ஆள். விடிய எழும்பினால் பேப்பர், அது வராட்டில் மனுசனுக்குத் தேத்தண்ணி இறங்காது. 2022 கடதாசித் தட்டுப்பாட்டுக்குப் பிறகு விலை ஏறினது, பக்கம் குறைஞ்சது, எழுத்தும் சின்னனாப் போன மாதிரிக் கிடக்கு, அது அவரின்ர கண்ணோ உங்கட அச்சோ எண்டு நான் சொல்லமாட்டன். இப்ப அவரால அச்சுப் பேப்பரில தலைப்பு மட்டும்தான் வாசிக்க ஏலும். உங்கட ஈ-பேப்பர் இருக்கு, ஆனால் அது முழுப் பக்கத்தையும் அப்பிடியே படமாப் போட்டது, ரப்பில எண்டாலும் இழுத்து இழுத்து வாசிக்கோணும், ஈ-ரீடரில வாய்ப்பே இல்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை மட்டுமாவது ஈபப்பாய்த் தாங்கோ. பெரிய வேலை இல்லை, உங்கட ஆக்கள் பாமினி எழுத்துருவில ரைப் பண்ணுறதெண்டால் யுனிகோட்டுக்கு மாத்த ஒரு நிமிசம், கலிபர் எண்டு இலவச மென்பொருள் இருக்கு, அதில கட்டுரையளைப் போட்டால் அது புத்தகமாக் கட்டித் தரும், பழக்கிவிட ஆள் வேணுமெண்டால் நான் ஒரு நாள் கடையைப் பூட்டிப்போட்டு வாறன். படம், விளம்பரம் ஒண்டும் தேவையில்லை. சந்தா எவ்வளவு எண்டு சொன்னால் அக்கா அங்க இருந்து கட்டுவா, அவவைப் போல கட்டக்கூடிய ஆக்கள் ரொரன்ரோவிலயும் பாரிசிலயும் கனபேர் இருக்கினம், ஊரில இருக்கிற தாய் தகப்பனுக்கு வருசம் முழுக்க வாற பரிசு எண்டு சொல்லி வித்துப் பாருங்கோ.

மரண அறிவித்தலையும் சேர்க்கோணும் எண்டு அப்பா கட்டாயம் எழுதச் சொன்னவர், அவர் முதல் வாசிக்கிறதே அதுதான். இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமையில மகள் ரப்பைத் திறந்து அவருக்குப் பக்கத்தில இருந்து வாசிச்சுக் காட்டுறாள், அவளுக்குச் சோதினை கிட்டுது, அதோட அவள் அவசரத்தில வரி விட்டு வாசிக்கிறாள் எண்டு அப்பா கண்டுபிடிச்சிட்டார்.

இப்படிக்கு,
போன் கடைக்காரன்,
பரந்தன்.